டயாலிசிஸ் ஆராய்ச்சிக்குள் வர நினைக்கும் இளம் டாக்டர்களுக்கு, எல்லையோரத்திலிருந்து

எங்கள் டயாலிசிஸ் வார்டில் முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. சித்தூர், பலமநேர் பக்கமிருந்து வருகிறவர்கள் இருட்டிலேயே பஸ் ஏறி, கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டி, காட்பாடியில் இறங்கி வார்டுக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் காரியம், செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறுவது. டெக்னீஷியன் அண்ணன் எண்ணைப் படித்து நோட்டில் எழுதுவார். "மூணு நாள்ல மூணரை கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்களேம்மா" என்று ஒரு சத்தமும் போடுவார். டயாலிசிஸ் ஆராய்ச்சி அந்த நோட்டில்தான் தொடங்குகிறது என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். "சார், டிரையல் (சிகிச்சைகளை நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு) பண்ணணும், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

படிப்புக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். எம்.பி.பி.எஸ். இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருஷம், நீட் பி.ஜி. எழுதி பொது மருத்துவத்திலோ குழந்தைகள் மருத்துவத்திலோ எம்.டி. மூன்று வருஷம், நீட் எஸ்.எஸ். எழுதி டி.எம். நெஃப்ராலஜி (சிறுநீரகவியல்) மூன்று வருஷம். எங்கும் இடறாமல் போனால் பதினொன்றரை வருஷம். யாரும் இடறாமல் போவதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலூர் சி.எம்.சி.யும் திருப்பதி ஸ்விம்ஸும் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன, அதற்கப்பால் சென்னை. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று 1971இல் வேலூரில்தான் என்பதை இந்த ஊர்க்காரன் என்ற முறையில் சொல்லாமல் விட முடியவில்லை.

எம்.டி. படிக்கும்போது எல்லோரும் கட்டாயமாக முடிக்க வேண்டிய ஓர் இணையப் படிப்பு இருக்கிறது, உயிரியல் மருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் படிப்பு. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்துவது. முக்கால்வாசிப் பேர் வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் பக்கத்தில் டீ குடிக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மாதிரி அளவு, பிழை, சார்பு எல்லாம் அங்கே நல்ல முறையில் சொல்லித் தருகிறார்கள், பின்னால் காசு கொடுத்துக் கற்க வேண்டியதை ஓசியில் கற்கலாம். டி.எம். தீசிஸையும் தலைவிதியே என்று எழுதாமல் ஒரு சின்ன டிரையலாக அமைத்துக்கொண்டால், தப்பெல்லாம் முன்கூட்டியே பண்ணிப் பார்த்த மாதிரி ஆகும்.

சரி, இனி உண்மையான வேலை.

முதல் மூன்று மாதம்: மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

ரவுண்ட்ஸ் வந்து பி.பி. பார்த்துவிட்டுப் போவதைச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட், நாலு மணி நேரமும், ஒரே நோயாளியின் பக்கத்தில் உட்காருங்கள். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக்குழாய்களை இணைத்துவைத்த கையில் விரல் வைத்து அந்தத் துடிப்பைப் பாருங்கள், பூனை வயிற்றில் கை வைத்த மாதிரி இருக்கும். அது நின்றுபோன கையை ஒரு தரம் தொட்டீர்கள் என்றால், இரத்தக்குழாய் வழி என்பது நோயாளிக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை என்று பாடப்புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது மணியில் பி.பி. இறங்கும், கெண்டைக்கால் பிடிக்கும், கொட்டாவி வரும், "குளிருது சிஸ்டர்" என்பார்கள். மெஷினுக்குள் நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது, நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அத்தனையும் ஆர்.ஓ. தண்ணீரில் கலந்தது. அந்த ஆர்.ஓ. அறைக்குள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்காத நெஃப்ராலஜிஸ்ட்டுகளை எனக்குத் தெரியும்.

வார்த்தைகளையும் கவனியுங்கள். எங்கள் ஊரில் கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவு) என்ற சொல் நோயாளி வாயில் வராது. "உப்பு ஏறிடுச்சு" என்பார்கள். அப்படிச் சொல்லிப் பழக்கியதே டாக்டர்கள்தான். அதே ஆளிடம் "சாப்பாட்டில் உப்பைக் குறைங்க" என்றால் இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு "உப்பு ஏன் சார் இறங்கல?" என்று கேட்பார். உங்கள் ஆய்வின் கேள்வித்தாளில் உப்பு என்று ஓரிடத்தில் எழுதினால், நூறு பேர் நூறு விதமாகப் பதில் சொல்வார்கள்.

தோற்றுப்போன டிரையல்களைப் படியுங்கள்

டயாலிசிஸ் உலகத்தில் பெரிய டிரையல்களில் பல "பலன் இல்லை" என்று முடிந்தவை. இது இத்துறையின் அவமானம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இதுதான் இத்துறையின் சுவாரஸ்யம்.

நோயாளிக்கு இரத்தம் கம்மி, எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டு முழுசாக ஏற்றிவிட்டால் இதயத்துக்கு நல்லதுதானே? யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1998இல் வெளிவந்த டிரையலில், இதயநோய் இருந்த 1,233 டயாலிசிஸ் நோயாளிகளில் பாதிப்பேருக்கு ஹெமட்டோக்ரிட்டை (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 42க்கு ஏற்றிப் பார்த்தார்கள், மீதிப்பேரை 30இல் வைத்தார்கள். ஏற்றிய பக்கத்தில் 183 சாவு, ஏற்றாத பக்கத்தில் 150. பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படித்தான்: ஊரெல்லாம் இதயத்தைக் காக்கிற மருந்து, டயாலிசிஸில் இருந்த 1,255 சர்க்கரை நோயாளிகளிடம் அட்டோர்வாஸ்டாட்டினாக 2005இலும், 2,776 டயாலிசிஸ் நோயாளிகளிடம் ரோசுவாஸ்டாட்டினாக 2009இலும் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்யவில்லை. 2002இல் வந்த ஹீமோ டிரையல், 1,846 பேர், டயாலிசிஸ் அளவைக் கூட்டினால் ஆயுள் கூடுமா என்று கேட்டது. கூடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஐடியல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 828 பேர். டயாலிசிஸை முன்கூட்டியே ஆரம்பிப்பதா, தள்ளிப்போடுவதா என்று குலுக்கிப் போட்டார்கள். 2010இல் முடிவு வந்தது: உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. தள்ளிப்போட வேண்டிய குழுவில் முக்கால்வாசிப் பேர், குறித்த அளவுக்குச் சிறுநீரகம் இறங்குமுன்பே உடம்பு தாங்காமல் டயாலிசிஸுக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் தாளில் எழுதுவது ஒன்று, உடம்பு செய்வது ஒன்று. புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த முக்கால்வாசிப் பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

ஜெயித்தவையும் உண்டு. இரும்புச்சத்து ஊசியை மாதாமாதம் தாராளமாகக் கொடுப்பது, குறைந்தபின் கொடுப்பதைவிட நல்லது என்று பிரிட்டனில் 2,141 பேரை வைத்துச் செய்த பிவோட்டல் 2019இல் காட்டியது. 2023இல் ஐரோப்பாவின் கன்வின்ஸ், 1,360 பேர், அதிக அளவு ஹீமோடயாஃபில்ட்ரேஷனில் (டயாலிசிஸோடு நிறையத் திரவத்தையும் வடித்தெடுக்கும் முறை) சாவு குறைவதாகச் சொன்னது. ஆனால் இவற்றைப் படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: அங்கே வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், இங்கே நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு இரண்டு. அந்த முடிவுகள் நம் வார்டுக்கு அப்படியே பொருந்துமா? இந்தியாவில் கேட்கப்பட வேண்டிய கேள்விகளில் பாதி அந்த ஒரு தடவை இடைவெளிக்குள் கிடக்கிறது.

கேள்வியும் மாம்பழமும்

கேள்வி வார்டிலிருந்து வர வேண்டும் என்கிறேன். ஒரு உதாரணம். சித்தூர் பக்கம் மாந்தோப்பு அதிகம். மே, ஜூனில் நோயாளிகள் வீட்டில் கூடை கூடையாக மாம்பழம் இருக்கும், வேண்டாம் என்றாலும் ஒரு கீற்று என்று ஆரம்பித்து முழுப்பழமாக முடியும். பொட்டாசியம் ஏறி, திங்கட்கிழமை காலை ஈ.சி.ஜி. கூரைமேடு மாதிரி நிற்கும். இப்போது பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பவுடரை ஜனவரியில் கொடுக்க ஆரம்பித்து ஜூனில் அளந்தீர்கள் என்றால் என்ன ஆகும்? பவுடர் வேலை செய்யவில்லை என்றுதான் முடிவுக்கு வருவீர்கள். ஜூனில் ஆரம்பித்து டிசம்பரில் அளந்தால் அற்புத மருந்து. ஒப்பிட ஒரு குழு எதற்கு என்று மாணவர்கள் கேட்டால் நான் மாம்பழத்தைத்தான் சொல்வேன். இரண்டு குழுவும் ஒரே சீசனில் ஒரே மாம்பழத்தைச் சாப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதை அளப்பது என்பதையும் நோயாளியிடமே கேளுங்கள். நாம் பாஸ்பரஸ், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) என்று இரத்தத்தில் தேடுவோம். அவர் "டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போனா அன்னிக்குப் பூரா படுக்கைதான் சார், அதுக்கு ஏதாவது பண்ணுங்க" என்பார். உலக அளவில் நோயாளிகளையும் டாக்டர்களையும் சேர்த்து உட்காரவைத்து, ஹீமோடயாலிசிஸ் டிரையல்களில் கட்டாயம் அளக்க வேண்டியவை எவை என்று சாங் என்ற கூட்டு முயற்சி தேர்ந்தெடுத்தபோது, இதயநோய், இரத்தக்குழாய் வழி, மரணம் இவற்றோடு சோர்வும் பட்டியலில் ஏறியது. நம் நோயாளி அதை எப்போதோ சொல்லிவிட்டார்.

அப்புறம் எண்ணிக்கை

இங்கேதான் பலருடைய கனவு உடையும். ஒரு வருஷத்தில் நூற்றுக்கு 20 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், உங்கள் சிகிச்சை அதை 15 ஆக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதை எண்பது சதவீத நிச்சயத்தோடு காட்ட, வழக்கமான கணக்குப்படி ஒரு குழுவுக்கு 900 பேருக்கு மேல் வேண்டும். இரண்டு குழுவுக்கும் 1,800க்கு மேல், விட்டுப்போகிறவர்களைச் சேர்க்காமலேயே. உங்கள் வார்டைப் பாருங்கள்: 12 மெஷின், நாளுக்கு மூன்று ஷிப்ட், வாரம் ஆறு நாள், ஆக 216 இடம், வாரம் இரண்டு தடவை என்றால் 108 நோயாளிகள். 108 எங்கே, 1,800 எங்கே? தனி ஆளாக ஆகாது, பதினைந்து இருபது சென்டர்கள் சேர வேண்டும். அதனால் கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்யப் பழகுவது இந்தத் தொழிலில் பாதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் இன்டென்ட் என்ற டிரையல் வலையமைப்பு இருக்கிறது. உலகச் சிறுநீரகவியல் சங்கம் இளம் டாக்டர்களுக்கு ஃபெலோஷிப் தருகிறது. முதல் ஐந்து வருஷம் அடுத்தவர் டிரையலில் துணை ஆய்வாளராக இருப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. புள்ளியியல் தெரிந்தவரை டேட்டா எல்லாம் சேர்த்தபிறகு போய்ப் பார்க்காதீர்கள், முதல் நாளே பாருங்கள்.

நான் கெடுத்த ஆய்வு

வெகு நாளைக்கு முன், டயாலிசிஸ் திரவத்தின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் பி.பி. இறங்குவது குறையுமா என்று ஒரு சின்ன ஆய்வு ஆரம்பித்தேன். நாற்பது பேர். டாக்டர்களுக்கு மீட்டிங், ஸ்லைடு, எல்லாம் நடந்தது. டெக்னீஷியன்களிடம் "35.5இல் வையுங்க" என்று ஒரு வரி சொன்னதோடு சரி. இரண்டு மாதம் கழித்து மெஷினில் பதிவான எண்களை எடுத்துப் பார்த்தால், 35.5இல் ஆரம்பித்த பல செஷன்கள் இரண்டாவது மணியில் 36.5க்குப் போயிருந்தன. விசாரித்தேன். "பாட்டி நடுங்குது சார், பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியுமா?" என்றார் அண்ணன். அவர் செய்தது சரி. எதற்காகக் குறைக்கிறோம், குளிர்ந்தால் என்ன செய்வது, போர்வை யார் கொடுப்பது என்பதையெல்லாம் அவரோடு உட்கார்ந்து பேசாதது என் தப்பு. கனடாவில் 84 சென்டரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இதே கேள்வியைக் கேட்ட மைடெம்ப் 2022இல் வந்தபோது, குளிர்ந்த திரவத்தால் பலன் இல்லை, குளிருகிறது என்ற முறையீடுதான் கூடியது என்று படித்துவிட்டு அண்ணனிடம் காட்டினேன். "இதைத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

டெக்னீஷியனும் ஸ்டாஃப் நர்ஸும் சம்மதிக்காத டிரையல் நடக்காது. அவர்கள் பெயர் கட்டுரையில் வரட்டும். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

காகித வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளையும், ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளையும் முழுசாகப் படியுங்கள். எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வராமல் ஒரு துளி இரத்தம் எடுக்காதீர்கள். இந்திய டிரையல் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது, பதிவில்லாத டிரையலை நல்ல இதழ் எதுவும் வாங்காது. புது மருந்து டிரையலில் கடுமையான பாதகம் எது நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஸ்பான்சர், எதிக்ஸ் கமிட்டி மூன்று பேருக்கும் தகவல், 14 நாளுக்குள் ஆராய்ந்த அறிக்கை. டயாலிசிஸ் நோயாளிகள் அடிக்கடி அட்மிட் ஆகிறவர்கள், ஒவ்வோர் அட்மிஷனும் இந்தக் கணக்கில் வரும். ஞாயிற்றுக்கிழமையும் வரும். நல்ல கோ-ஆர்டினேட்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சம்மதப் படிவம்: பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று

1953இல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. கோடு இப்படியும் அப்படியும் போனாலும் வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நகரியில் தறி ஓட்டும் வீட்டில் பேச்சு தமிழ், பிள்ளை படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். குடியாத்தம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழ். நான் என்ன செய்தேன்? தமிழ் பேசுகிறவருக்குத் தமிழ்ப் படிவம், தெலுங்கு பேசுகிறவருக்குத் தெலுங்குப் படிவம். ஒரு தறிக்காரர் பத்து நிமிஷம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அழகாகத் தெலுங்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கேட்டால், "டாக்டர் குடுத்தா நல்லதுக்குத்தானே" என்றார். கிழித்துப்போட்டுவிட்டு மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஆகவே எங்கள் பக்கம் முதல் கேள்வி "என்ன பாஷை பேசுவீங்க" இல்லை, "எந்த எழுத்துப் படிப்பீங்க". கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, அங்கேயுள்ள இன்னொரு சித்தூர் தாலூகாவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதே கதை மலையாளத்தில் நடக்கும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆஸ்பத்திரியோடோ ஆய்வோடோ சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பேச்சு முழுவதும் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். வார்டு ஆயாவைச் சாட்சியாக இழுக்காதீர்கள். படிவத்தின் ஒரு பிரதியை நோயாளி கையில் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் மருமகள் படித்துப் பார்த்துப் போன் பண்ணி நாலு கேள்வி கேட்டால் அது நல்ல சகுனம்.

குலுக்கல் முறையைப் புரியவைக்கிறேன் என்று, கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற மாதிரி என்று ஒரு ஜூனியர் சொன்னான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நோயாளி, தனக்கு எது நல்லதோ அதைச் சாமியே எடுத்துக் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். "எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா, அதனாலதான் கம்ப்யூட்டர் குலுக்குது" என்று நேராகச் சொல்வதே மேல். "தெரியாதா?" என்று முகம் மாறும். மாறட்டும். அதற்குப் பிறகும் சரி என்றால்தான் அது சம்மதம். காலை ஷிப்டில் ஊசி குத்தும் நேரத்தில் சம்மதம் கேட்காதீர்கள், மெஷினில் கட்டிப்போட்ட ஆள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

விடாமல் பிடித்துவைப்பது

எல்லையோரத்தில் ஃபாலோ-அப் ஒரு தனிக் கலை. தமிழ்நாட்டு ஆளிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆந்திர ஆளிடம், பெயர் மாறினாலும் ஜனங்கள் விடாமல் சொல்லும் ஆரோக்கியஸ்ரீ கார்டு. அவருடைய ஊருக்குப் பக்கத்தில் ஒரு புது டயாலிசிஸ் சென்டர் திறந்தால் மறுவாரமே அங்கே போய்விடுவார், போக வேண்டியதுதான், விடியற்காலை பஸ் மிச்சம். உங்கள் டேட்டாவில் மட்டும் அவர் காணாமல் போவார். வயிற்று வழி டயாலிசிஸை ஆய்வு செய்வதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் டயாலிசிஸ் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும், ஆக உங்கள் மாதிரியில் ஒரு பக்கத்து ஆட்களே நிறைந்துவிடுவார்கள். சேர்க்கும்போதே மூன்று போன் நம்பர் வாங்குங்கள்: அவருடையது, மகன் அல்லது மகளுடையது, தெருவில் நிலையாக இருக்கும் யாராவது ஒருவருடையது. வேறு சென்டருக்குப் போனால் அங்கே விசாரிக்க அனுமதியையும் படிவத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். சில போன்களில் மகன் எடுத்து, "அப்பா போயி ரெண்டு வாரமாச்சுங்க" என்பார். உடனே தேதி, காரணம் என்று ஆரம்பிக்காதீர்கள். கொஞ்ச நேரம் கேளுங்கள். படிவம் அப்புறம்.

சம்பாத்தியம் பற்றிக் கேட்பீர்கள். பிராக்டிஸ் மட்டும் பார்க்கும் உங்கள் பேட்ச்மேட் உங்களுக்கு முன்பே வீடு கட்டுவார். வாரத்தில் ஒரு நாளையாவது ஆராய்ச்சிக்கென்று எழுத்தில் ஒதுக்கித் தரும் இடத்தில் வேலைக்குச் சேருங்கள். "பார்த்துக்கலாம் டாக்டர்" என்ற வாய்ச்சொல்லை நம்பி நான் ஓரிடத்தில் இரண்டு வருஷம் இழந்தேன்.

டிரையல் முடிந்ததும் முடிவை நோயாளிகளிடம் சொல்லுங்கள். நாங்கள் ஷிப்ட் மாறும் இடைவேளையில், டீயும் பிஸ்கட்டும் வைத்து, பொட்டாசியம் கணக்கில் ஒரு பிஸ்கட் மட்டும் என்று சிஸ்டர் மிரட்ட, தமிழில் ஒரு தரம் தெலுங்கில் ஒரு தரம் சொல்வோம். போன முறை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு அம்மா எழுந்தார். "அதெல்லாம் சரி சார், நான் எந்தப் பக்கத்துல இருந்தேன்?" அந்தப் பட்டியலை நான் எடுத்துப்போகவில்லை. நீங்கள் போகும்போது பெயர்வாரியாக அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லத் தோதாக.